மகனுக்கு 9 மதிப்பெண் குறைவு. போர்ட்ஃபோலியோ போட்டால் பள்ளி இறுதி டிப்ளமாவின் மதிப்பு குறையுமா?

கேள்வி: என் அண்ணன் ஸ்பான்சர் செய்து, ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடும்பத்தோடு வந்தோம். மகன் அங்கே தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவன். பொதுத்தேர்வில் கணக்கு மார்க் 81. இங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். டிப்ளமா வாங்கத் தேற வேண்டிய மாநிலப் பரீட்சையை மார்ச் மாதம் எழுதினான். அதில் இங்கிலீஷ் எப்படியோ தேறிவிட்டான், கணக்கில்தான் 708. 725 வேண்டுமாம். பன்னிரண்டாம் வகுப்பில் திரும்ப எழுதி 716 வாங்கினான். காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையில் கணக்குக்கு 420. இப்போது பள்ளிக் கவுன்சிலர், "போர்ட்ஃபோலியோ போட்டுவிடலாம்" என்கிறார். பரீட்சைக்குப் பதிலாக, அவன் போட்ட கணக்குகளைத் தொகுத்துக் காட்டுவதாம். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "பரீட்சை என்றால் கம்ப்யூட்டர் திருத்தும், இது டீச்சர் இரக்கப்பட்டுப் போடுவது. காலேஜில் மதிக்க மாட்டார்கள்" என்கிறார். டியூஷன் சார் ஒருவர் 900 டாலர் கொடுத்தால் போர்ட்ஃபோலியோவைத் தானே தயார் செய்து தருவதாகச் சொல்கிறார். ஊருக்கே அனுப்பி பிளஸ் டூ எழுத வைக்கலாமா என்றும் வீட்டில் பேச்சு ஓடுகிறது. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போர்ட்ஃபோலியோ வழியாக முடித்தாலும் உங்கள் மகன் கையில் வாங்கப்போவது, பரீட்சையில் தேறிய பிள்ளைகள் வாங்கும் அதே மாநில டிப்ளமாதான். தேறாதவர்களுக்கென்று தனி டிப்ளமா எதுவும் நியூ ஜெர்சியில் அச்சடிப்பதில்லை. டீச்சர் இரக்கப்பட்டுத் தருவது என்ற பேச்சுக்கும் இடமில்லை. படிக்க வேண்டிய பாடங்களை முடித்தும் பரீட்சையில் தேறாத மாணவனுக்கு, தரப்படுத்தப்பட்ட பரீட்சை அல்லாத வேறு முறைகளால் அவன் திறமையை முழுதாக மதிப்பிட வழி தர வேண்டும் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கவுன்சிலர் உங்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. உங்கள் மகனுக்குச் சட்டப்படி உள்ள வழியைத்தான் காட்டுகிறார்.

நான் இந்த மாநிலத்தில் பல வருடங்களாக உயர்நிலைப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். போர்ட்ஃபோலியோவுக்கு உட்கார்ந்த பிள்ளைகள் பலரோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பரீட்சையின் பெயர் என்.ஜே.ஜி.பி.ஏ. பதினொன்றாம் வகுப்பில் எழுதுவது. கணக்குப் பகுதியில் அல்ஜீப்ராவின் முதல் வருடப் பாடமும் ஜியாமெட்ரியும் வரும். மதிப்பெண் அளவுகோல் 650-ல் தொடங்கி 850-ல் முடிகிறது, தேறுவதற்கு 725. ஆகவே 716-ஐ 850-க்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். அது நம் ஊர் மார்க் இல்லை, மாற்றி அமைத்த அளவு. உங்கள் மகன் எட்டு மதிப்பெண் ஏறியிருக்கிறான், இன்னும் ஒன்பது பாக்கி. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஏழெட்டு மாதத்தில் ஆங்கிலத்தில், அதுவும் கம்ப்யூட்டர் திரையில் முதல் தடவை எழுதிய பிள்ளைக்கு 708 வந்திருக்கிறது. அவனுக்குக் கணக்கு வராது என்று இதை வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். பயிற்சிக்காக ஒரு கணக்கு கொடுத்தேன். இரண்டு ஜிம். ஒன்றில் சேரும்போது 60 டாலர் கட்ட வேண்டும், அப்புறம் மாதம் 20. இன்னொன்றில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, மாதம் 35. எத்தனையாவது மாதத்தில் இரண்டுக்கும் செலவு சமமாகும், ஆறு மாதம் போகப்போகிற ஒருவருக்கு நீ எதைச் சொல்வாய், ஏன்? அந்தப் பெண் நம் ஊர் முறைப்படி தாளின் இடது பக்கம் கோடு போட்டு, மேலே கொடுக்கப்பட்டவற்றை எழுதி, சமன்பாடு அமைத்து, மூன்றே வரியில் எக்ஸ் சமம் 4 என்று கொண்டுவந்து, விடையைச் சுற்றிக் கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கீழே கோடு இழுத்துவிட்டாள். எழுத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. ஆனால் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் இருந்தது.

பக்கத்தில் போய்த் தமிழில் கேட்டேன்: "சரி கண்ணு, ஆறு மாசம் போறவருக்கு எது?" யோசிக்கவே இல்லை. "நாலு மாசத்துக்குள்ள நிறுத்திடுவேன்னா ரெண்டாவது ஜிம் லாபம் மிஸ். அதுக்கு மேல போறவங்க முதல்லயே அறுபது டாலர் கட்டிடலாம். ஆறு மாசத்துல முப்பது டாலர் மிச்சம்." நான் போட்டுப் பார்த்தேன். முதல் ஜிம் 180, இரண்டாவது 210. சரியாக முப்பது. "இதை ஏன் எழுதலை?" என்றதற்கு அவள் சொன்னாள்: "விடை வந்துடுச்சே மிஸ்."

அவள் படித்த இடத்தில் கணக்கு என்றால் விடை வந்ததும் முடிந்துவிடும். இங்கே வேறு மாதிரி. இந்த மாநிலப் பரீட்சையிலேயே காரணம் சொல்லச் சொல்லும் கேள்விகளும், வாழ்க்கைச் சூழலைக் கணக்காக மாற்றச் சொல்லும் கேள்விகளும் உண்டு. அதில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். அதற்கு அடுத்து, சொல் இடிக்கும். உங்கள் மகனுக்குத் தேல்ஸ் தேற்றம் தெரிந்திருக்கும், மனப்பாடமாகவே சொல்வான். வடிவொத்த முக்கோணங்கள் என்றால் படம் போட்டுக் காட்டுவான். ஆனால் விளக்குக் கம்பத்தின் நிழல் இத்தனை அடி, அதன் பக்கத்தில் நிற்பவரின் நிழல் இத்தனை அடி இத்தனை அங்குலம், கம்பத்தின் உயரம் என்ன என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் வந்தால், அது அதே தேற்றம்தான் என்று பிடிபடுவதற்குள் நேரம் போய்விடும். 'சிமிலர்', 'கன்குருவென்ட்' இரண்டில் எது வடிவொத்தது, எது சர்வசமம் என்று தடுமாறுவான். அடியும் அங்குலமும் காலனும் தனித் தொல்லை.

போர்ட்ஃபோலியோ என்பது இந்த மாதிரி விரிவாக எழுத வேண்டிய கணக்குகளின் தொகுப்புதான். இங்கே பள்ளிகளில் இவற்றை விரிவிடைக் கணக்குகள் என்ற பொருளில் சுருக்கமாக சி.ஆர்.டி. என்பார்கள். பாடத்தின் வேறு வேறு பகுதிகளிலிருந்து எடுத்த கணக்குகளை மாணவன் தானே போட்டு, வழியையும் காரணத்தையும் எழுதிக்காட்ட வேண்டும். வகுப்பில் மதிப்பிட்ட அவனுடைய வேறு வேலைகளையும் சேர்ப்பது உண்டு. அதைப் பள்ளி மாவட்ட நிர்வாகம் பார்த்து, மாநிலக் கல்வித்துறைக்கு அனுப்பும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் என்ற நெருக்கடி இதில் இல்லை, உண்மைதான். ஆனால் நான்கு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டுவிட்டுப் போகிற வசதியும் இல்லை. என் அனுபவத்தில் இது பரீட்சையைவிடச் சுலபம் என்று சொன்ன பிள்ளை ஒன்றுகூட இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆளுக்கு ஆள் மார்க் மாறாதா? மாறும். 1990-களின் தொடக்கத்தில் வெர்மான்ட் மாநிலம் நாலாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கில் மாநிலம் முழுக்கப் போர்ட்ஃபோலியோ கொண்டுவந்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திலிருந்து டேனியல் கோரெட்ஸும் அவர் குழுவும் போய்ப் பார்த்தார்கள். ஒரே தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் மதிப்பெண் ஒத்துப்போவது மிகக் குறைவாக இருந்தது என்று 1992-ல் அறிக்கை தந்தார்கள். அளவுகோலைத் தெளிவாக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு கணக்கில் நிலைமை தேறியது. திருத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே தெளிவான அளவுகோல் வேண்டும் என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே பள்ளிக்குப் போகும்போது, எந்த அளவுகோலை வைத்துத் திருத்துவீர்கள், அதன் நகல் ஒன்று தர முடியுமா என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அந்த ஒரு தாளை வீட்டில் வைத்துக்கொண்டு பையன் தன் வேலையைத் தானே சரிபார்த்தால், பாதி கிணறு தாண்டின மாதிரி.

பக்கத்து நியூ யார்க்கில் ஒரு பள்ளிக் கூட்டமைப்பு இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறது. 1995-லிருந்தே அங்கே அந்தப் பள்ளிகளுக்கு மாநிலப் பரீட்சைகளிலிருந்து விலக்கு உண்டு. ரீஜென்ட்ஸ் எனப்படும் அந்த மாநிலப் பரீட்சைகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தை மட்டும் எழுதுகிறார்கள். கணக்கில் ஒரு சிக்கலை எடுத்து, ஆராய்ந்து கட்டுரையாக எழுதி, ஆசிரியர்களும் வெளியாட்களும் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு முன்னால் வாயால் விளக்கித் தேற வேண்டும். என்னைக் கேட்டால், கணக்குத் தெரியுமா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. எதிரே உட்கார்ந்து "இங்கே ஏன் இரண்டால் வகுத்தாய்?" என்று ஒருவர் கேட்டால் தெரிந்த பிள்ளை தெரிந்ததைச் சொல்லும், தெரியாததும் அங்கேயே தெரிந்துவிடும். மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு, எம்.கேஸ் என்ற மாநிலப் பரீட்சையில் தேறினால்தான் டிப்ளமா என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பரீட்சையை வைத்துப் பிள்ளையின் படிப்பை நிறுத்தலாமா என்ற கேள்வி உங்கள் வீட்டில் மட்டும் எழுந்தது இல்லை.

இப்போது அந்த 900 டாலர் விஷயம். கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அவர் பாடம் சொல்லித் தருவதாகச் சொன்னால் அது வேறு. போர்ட்ஃபோலியோவைத் தானே தயார் செய்து தருவதாகச் சொல்கிறார் என்றால், உங்கள் மகன் பெயரில் இன்னொருவர் பரீட்சை எழுதுவதற்குச் சமம். எங்கள் பள்ளியில் இந்தக் கணக்குகளை ஆசிரியர் கண்முன்னேதான் போட வேண்டும், வெளியே எழுதிக் கொண்டுவந்தால் வாங்க மாட்டோம். வீட்டில் செய்த வேலையையும் சேர்த்து வைக்கும்போது கையெழுத்தும் நடையும் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முறை ஒரு பையன் கொண்டுவந்த தாளில் விளக்கம் அத்தனை அழகாக இருந்தது. இரண்டாவது வரியில் இருந்த ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றான். அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அன்று மாலையே பக்கத்தில் உட்கார வைத்தபோது அதே கணக்கைத் தன் உடைந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசி சரியாகப் போட்டான். அவன் நன்மையை நினைத்துத்தான் வீட்டில் அப்படிச் செய்தார்கள். ஆனால் 'உன்னால் முடியாது' என்பதைத்தான் அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டான்.

அந்தக் காசைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், வாரத்துக்கு இரண்டு நாள் பேச வைத்துக் கணக்கு சொல்லித்தருகிற ஒருவரைப் பிடியுங்கள். விடை வந்த பிறகு "ஏன்?" என்று கேட்கிறவராக இருக்க வேண்டும். சம்பளம் கேட்காத ஆளும் ஒருவர் இருக்கிறார், நீங்கள்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு கணக்கு, தமிழிலேயே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்று அவசியமில்லை, புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். தமிழில் தடையில்லாமல் சொல்ல வந்த பிறகு, அதே நாலு வரியை 'பிகாஸ்' என்று தொடங்கி ஆங்கிலத்தில் எழுதட்டும். இலக்கணம் கொஞ்சம் இடறினால் பரவாயில்லை, காரணம் இருக்க வேண்டும். ஜிம் கணக்குப் போட்ட பெண் இப்படித்தான் எழுத ஆரம்பித்தாள். அவளுடைய முதல் தாளில் ஒற்றை வரி, மூன்று வாரம் கழித்துப் பக்கம் நிறைய இருந்தது. நடுவில் ஒரு சின்னப் படமும் இருந்தது, இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் '4' என்று போட்டு.

தமிழிலேயே போர்ட்ஃபோலியோ போட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அந்த யோசனை வரும். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் என்று பள்ளி அங்கீகரித்த பிள்ளைகள், தாய்மொழியில் போர்ட்ஃபோலியோவும் மாநிலம் ஏற்ற ஆங்கிலத் திறன் பரீட்சையுமாகச் சேர்த்துத் தேறுவதற்கு விதியில் இடம் இருக்கிறது. உங்கள் மகன் ஆங்கிலப் பகுதியில் ஏற்கெனவே தேறிவிட்டவன். கணக்கை ஆங்கிலத்தில் எழுத அவனால் முடியும், நாளைக்குக் காலேஜிலும் அதுதான் வேண்டும். ஆகவே என் ஓட்டு ஆங்கிலத்துக்கே. யோசிப்பது மட்டும் தமிழில் இருக்கட்டும்.

இதை ஒட்டி இன்னொன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். பரீட்சை எழுதியபோது அவனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்களா? சொல்லுக்குச் சொல் மட்டும் தரும் இருமொழி அகராதியை வைத்துக்கொள்ள விட்டார்களா? ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் பட்டியலில் இருந்தால் இரண்டும் அவனுக்கு உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் இதைக் கேட்பதில்லை. பள்ளியும் சில நேரம் சொல்ல மறந்துவிடுகிறது. இரண்டு தடவையும் அந்த வசதி இல்லாமலே எழுதியிருந்தான் என்றால், வசதியோடு இன்னொரு முறை எழுதும் வாய்ப்பையும் விடாதீர்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட எண் 420. என்.ஜே.ஜி.பி.ஏ.வில் தேறாவிட்டால் அதற்குப் பதிலாக வேறு சில பரீட்சைகளின் மதிப்பெண்ணையும் மாநிலம் ஏற்கும். அப்படி எஸ்.ஏ.டி. கணக்குக்கு 440 வேண்டும், அதனால் இருபது குறைகிறது. ஆனால் அந்த மாற்றுப் பரீட்சைகளின் பட்டியலில் எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி.யும் இருக்கிறது, அதில் கணக்குக்கு 420 போதும். எஸ்.ஏ.டி. போன்ற இன்னொரு பரீட்சையான ஏ.சி.டி. என்றால் 17. போன வருடம் அக்டோபரில் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து பி.எஸ்.ஏ.டி. எழுத வைத்தார்களா என்று மகனிடம் கேளுங்கள். பிள்ளைகள் அதைச் சும்மா பயிற்சிப் பரீட்சை என்று மறந்தே போயிருப்பார்கள். அந்த மதிப்பெண்ணிலேயே வேலை முடிந்துபோன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். காலேஜ்களில் எழுதும் அக்யூப்ளேசர் பரீட்சையும் பட்டியலில் உண்டு. இந்த எண்களை மாநிலம் அவ்வப்போது திருத்துவது வழக்கம், அதனால் உங்கள் மகன் டிப்ளமா வாங்கும் ஆண்டுக்குரிய பட்டியலைக் கவுன்சிலரிடம் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பாட, மதிப்பெண் பட்டியலையும் ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். டிப்ளமாவுக்கு, முடித்த பாடங்களுக்குச் சேரும் கிரெடிட் 120 வேண்டும், அதில் கணக்கு மட்டும் 15. ஈரோட்டில் படித்த பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எத்தனை கிரெடிட் போட்டிருக்கிறார்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள். போர்ட்ஃபோலியோ பரீட்சைக்குத்தான் மாற்று. கிரெடிட் குறைந்தால் அதை ஈடுகட்டாது. மே மாதத்தில் இது தெரியவந்து அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் போர்ட்ஃபோலியோ வேலையை ஏப்ரல் வரை இழுத்துவிட்டு, பிறகு பிள்ளைகளை மூன்று நாள் ஓர் அறையில் உட்கார வைத்து, தாள் தாளாகக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எதற்கு எழுதுகிறோம் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் என்னிடம் "இது தண்டனையா?" என்று கேட்டான். பரீட்சைக்கு மாற்றாக வந்த நல்ல வழியை மறுபடியும் ஒரு மோசமான பரீட்சையாக ஆக்கிவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் உங்கள் பள்ளியில் எப்போது தொடங்குகிறீர்கள், எந்த ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார், ஒரு கணக்கு சரியாக வராவிட்டால் வேறு கணக்கு தருவீர்களா, கடைசித் தேதி என்ன, இந்த நாலையும் இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டாலும் மின்னஞ்சலிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கேட்டு வாங்கலாம். உங்கள் அண்ணனையோ தெரிந்தவரையோ கூட்டிக்கொண்டு போவதிலும் தவறில்லை. ஆனால் மகனும் அந்த அறையில் இருக்கட்டும்.

காலேஜ் கதைக்கு வருகிறேன். போர்ட்ஃபோலியோவில் முடித்தான் என்று ஒரு காலேஜும் கதவைச் சாத்தாது. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் அங்கே கணக்கில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்ப்பார்கள். அதில் பின்தங்கினால், பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புக்குக் காசு கட்டிப் படிக்க வேண்டி வரும். ஆகவே போர்ட்ஃபோலியோ முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். இந்த வருடம் அவன் எடுத்திருக்கும் கணக்கு வகுப்பில் ஒழுங்காக மார்க் வாங்குவது, டிப்ளமா எந்த வழியில் வந்தது என்பதைவிடப் பல மடங்கு முக்கியம்.

ஊருக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். இன்னும் சில மாதத்தில் முடியப்போகிற படிப்பைப் பாதியில் நிறுத்தி, பெற்றோரைப் பிரிந்து, பிளஸ் ஒன் படிக்காமலே பிளஸ் டூ எழுதப் போகிற பிள்ளைக்கு அங்கேயும் எதுவும் சுலபமாக இருக்காது. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரியாகப் பட்டது. வீட்டில் நாலு பெரியவர்கள் அவன் தலைக்கு மேலே அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவன் என்ன சொல்கிறான் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அவன் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். 708 வந்த அன்றைக்கு எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாய், எது புரிந்தும் எழுத வரவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா உட்காரட்டும். சாப்பிடாமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், கவுன்சிலரிடம் அதையும் சொல்லுங்கள். அவருடைய வேலையில் அதுவும் சேர்த்தி.

பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவன் போட்டு, காரணம் எழுதிய ஒரு கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே அனுப்பட்டும், படி எடுக்க வேண்டாம்.